பலே தியேட்டர்

அவுஸ்திரேலியாவுக்குப் போய் வந்த நாள் தொடக்கம் என்னைக் காண்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "கங்காருவைக் கண்டீங்களோ?" கண்டேன். மிருகக்காட்சிச் சாலையில் வேலிக்கு அந்தப் பக்கம் வெயிலில் படுத்துக் கிடந்தது. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதைப் பற்றி எழுத என்னிடம் வேறொன்றும் இல்லை. நான் எழுத விரும்புவது கடற்கரையில் கண்ட ஒரு பழைய தியேட்டரைப் பற்றி.

மெல்பேர்ண் நகரத்துக்கு வெளியே தண்டெனோங் என்ற இடத்தில் என் அக்காவின் மகள் இருக்கிறாள். என்னை வளர்த்த அக்கா. அவளுடைய மகள் எனக்குப் பெறாமகள் என்றாலும் பெற்ற பிள்ளை போலத்தான். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். கிழமையில் ஐந்து நாள் இரவு வேலை, பகலில் நித்திரை. ஆறு கிழமை நான் அங்கே நின்றதில் அவளோடு வெளியில் போன நாட்களை விரலில் எண்ணிவிடலாம். அப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம், "சின்னம்மா, வெளிக்கிடுங்கோ, கடல் பாக்கப் போவம்" என்றாள்.

தண்டெனோங்கிலிருந்து றெயினில் நகரத்துக்கு வர ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். பிளிண்டர்ஸ் ஸ்ரீற் ஸ்ரேசனில் இறங்கி 16 ஆம் இலக்க ட்ராம் வண்டியில் ஏறினோம். ட்ராம் என்பது தெருவின் நடுவே தண்டவாளத்தில் ஓடுகிற மின்சார வண்டி. கொழும்பிலும் ஒரு காலத்தில் ஓடியது என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் பெரிய மரங்கள் நின்ற அகலமான வீதியால் போய், ஒரு வளைவில் திரும்பியதும் கடல் தெரிந்தது. அலை இல்லாத கடல். குடாக் கடல் என்பதால் எங்கள் பண்ணைக் கடல் மாதிரி அமைதியாகக் கிடந்தது. காற்று மட்டும் சீலையைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.

அந்த இடத்தின் பெயர் செயின்ற் கில்டா. நாங்கள் இறங்கிய இடத்தில் முதலில் என்னைத் திடுக்கிட வைத்தது ஒரு பெரிய முகம். கண்ணை உருட்டி, வாயை ஆவென்று திறந்த முகம். மூன்று நான்கு ஆள் உயரம் இருக்கும். அந்த வாய்க்குள்ளால் சின்னப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள். "லூனா பார்க், சின்னம்மா. விளையாட்டுப் பூங்கா." 1912 இல் திறந்த பூங்காவாம். உள்ளே மரத்தால் கட்டிய ஒரு பழைய உருளோட்ட வண்டி இன்னும் ஓடுகிறது. வண்டியின் நடுவில் ஒரு ஆள் நின்றபடியே பிறேக் பிடிக்கிறார். பார்க்க எனக்கு நெஞ்சு பதறியது. ஏறவில்லை.

அந்த முகத்துக்குப் பக்கத்தில்தான் தியேட்டர் நின்றது. இரண்டு பக்கமும் குமிழ் வைத்த கோபுரம், நடுவில் அகலமான முகப்பு, உச்சியில் பெரிய எழுத்துகள். நான் எழுத்துக் கூட்டி "பலைஸ்" என்று வாசித்தேன்.

"பலைஸ் இல்லை, பலே" என்றாள் பிள்ளை.

"எந்தப் பலே? பலே பலே எண்டு சொல்லுறமே, அந்தப் பலேயோ?"

அவளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பிரெஞ்சுச் சொல்லாம், அரண்மனை என்று பொருளாம், கடைசி எழுத்தை உச்சரிக்கக் கூடாதாம். அது எப்படியும் போகட்டும். எனக்கு அன்றிலிருந்து அது பலே தியேட்டர்தான்.

கடற்கரையில் இவ்வளவு பெரிய தியேட்டரை ஏன் கட்டினார்கள் என்று கேட்டேன். பிள்ளைக்குத் தெரியவில்லை. பிறகு அவள் நூலகத்தில் எடுத்துத் தந்த புத்தகங்களை அவளே வாசித்து எனக்குத் தமிழில் சொன்னாள். சில இரவுகள் அவள் வேலைக்கு வெளிக்கிடும் முன் சோற்றுக் கோப்பையும் கையுமாக இருந்து கேட்ட கதை இது.

செயின்ற் கில்டாவுக்கு 1857 இலேயே றெயில் பாதை போட்டுவிட்டார்கள். நகரத்தில் வேலை செய்கிறவர்கள் லீவு நாளில் அரை மணித்தியாலத்துக்குள் கடலைப் பார்த்துவிடலாம். முதலில் பணக்காரர்கள் மாளிகை கட்டிக் குடியிருந்தார்கள். பிறகு தொழிலாளர் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பாணும் பழமும் கட்டிக்கொண்டு வரத் தொடங்கின. கூட்டம் வரும் இடத்துக்கு வியாபாரமும் வரும். லூனா பார்க்கைத் தொடங்கியவர்களில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலிப்ஸ் என்ற சகோதரர்கள் முக்கியமானவர்கள். பூங்காவுக்குப் பக்கத்திலேயே அவர்கள் ஒரு பெரிய நடன மண்டபமும் கட்டினார்கள். அதற்குத்தான் முதன்முதலில் பலே என்று பெயர் வைத்தார்கள்.

1914 இல் முதலாவது உலகப் போர் வந்தது. ஐம்பது இலட்சம் பேர்கூட இல்லாத அந்த நாட்டிலிருந்து போனவர்களில் ஏறக்குறைய 60,000 பேர் திரும்பி வரவில்லை. சோடி சேர்ந்து ஆட இளைஞர்கள் இல்லாத காலத்தில் நடன மண்டபத்தை யார் நடத்துவது? அந்த மண்டபத்தில் திரையைக் கட்டிப் படம் ஓட்டினார்கள். அப்படித்தான் செயின்ற் கில்டாக் கடற்கரையில் பலே படமாளிகை பிறந்தது. அந்த இருட்டுக்குள் வந்து இருந்தவர்களில் எத்தனை தாய்மார், எத்தனை மனைவிமார் என்று நான் யோசித்தேன். அந்தக் காலத்துப் படத்துக்குப் பேச்சு இல்லை, வாத்தியக்காரர் திரைக்கு முன்னால் இருந்து வாசிப்பார்கள். அழுதால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. இதை நானாகத்தான் சொல்கிறேன், எந்தப் புத்தகத்திலும் இல்லை.

போர் முடிந்தது. ஆட்டம் மறுபடி தொடங்கியது. நடன மண்டபத்தை நடனத்துக்கே விட்டுவிட்டுப் பக்கத்தில் தனியாக ஒரு படமாளிகை கட்டப் பிலிப்ஸ் சகோதரர்கள் முடிவு செய்தார்கள். வரைபடம் போடும் பொறுப்பு வால்ரர் பேர்லி கிரிபின் என்பவருக்குக் கிடைத்தது. கன்பரா என்ற தலைநகரத்துக்குத் திட்டம் வரைந்து உலகப் போட்டியில் வென்றவர் அவர். கன்பராவில் உள்ள பெரிய ஏரிக்கு இன்று அவருடைய பெயர்தான்.

இந்த இடத்தில் பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "சின்னம்மா, இதில ஒரு பொம்பிளையின்ர கதை கிடக்கு" என்றாள். தியேட்டரைச் சிறிது நேரம் விட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும்.

மரியன் மஹோனி என்பது பெயர். 1871 இல் அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் பிறந்தவர். பிறந்த அதே வருஷம் ஒக்ரோபரில் சிக்காகோ நகரம் தீப்பற்றி எரிந்தது. வரலாற்றில் பெருந்தீ என்று எழுதப்பட்ட தீ. கைக்குழந்தையான மரியனை உடுப்புக் கூடைக்குள் வைத்துக்கொண்டு குடும்பம் ஓடித் தப்பியதாம். நகரத்துக்கு வெளியே போய்த்தான் குடியேறினார்கள். மரியன் சிறுமியாக இருக்கும்போதே தகப்பன் இறந்துவிட்டார். தாய் பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போய், அதிபராக உயர்ந்து, ஐந்து பிள்ளைகளையும் ஆளாக்கினார். கூடையில் பிள்ளையைக் காவிக்கொண்டு ஓடுவது எப்படி என்பதை இந்தப் பத்திரிகையை வாசிக்கும் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளை படித்துப் பொஸ்ரன் நகரத்துப் பெரிய தொழில்நுட்பக் கல்லூரியில் 1894 இல் கட்டடக் கலைப் பட்டம் பெற்றது. அந்தக் கல்லூரியில் அந்தத் துறையில் பட்டம் பெற்ற இரண்டாவது பெண் அவர். கட்டடக் கலைஞர் என்று அரசாங்கத்தின் அனுமதிப் பத்திரம் பெற்ற உலகத்தின் முதற் பெண்களில் ஒருவர். பிராங் லொயிட் றைற் என்ற புகழ் பெற்ற கலைஞரிடம் பல வருஷம் வேலை செய்தார். றைற்றின் பெயரில் வெளிவந்த அழகான சித்திர வரைபடங்களில் எத்தனையோ மரியனின் கையால் ஆனவை. 1911 இல் வால்ரர் கிரிபினைத் திருமணம் செய்தார். கன்பராப் போட்டிக்குப் போன பெரிய பெரிய வண்ணப் படங்கள் எல்லாம் அவர் தீட்டியவை. அந்தப் படங்கள் இல்லாமல் வெறும் திட்டம் மட்டும் போயிருந்தால் பரிசு கிடைத்திருக்குமோ என்று கேட்பவர்கள் உண்டு. ஆனாலும் ஏரிக்குக் கணவனின் பெயர் மட்டும் வைத்தார்கள். மனைவியின் பெயரைக் கன்பராவில் ஒரு மலையுச்சிக் காட்சித் தளத்துக்கு வைத்தது 2013 இல்தான். ஏறக்குறைய நூறு வருஷம் பிந்தி.

இந்தத் தம்பதியின் கைவேலையை மெல்பேர்ண் நகரத்தின் நடுவில் இன்றும் பார்க்கலாம். கபிற்றல் தியேட்டர் என்பது பெயர். 1924 இல் திறந்தது. அதன் கூரையின் உட்புறம் முழுவதும் பளிங்குக் கற்களை அடுக்கியது போலச் சாந்தால் செய்து, இடுக்குகளில் ஆயிரக்கணக்கான நிற மின்குமிழ்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள். நிறம் மெல்ல மெல்ல மாறும். படத்தில் பார்த்தபோதே கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

அதே கைகள் கடற்கரையில் பலேயையும் கட்டத் தொடங்கின. கட்டி முடிகிற தறுவாயில், 1926 இல், அது எரிந்து போனது.

அந்த வரியைப் பிள்ளை சொன்னதும் நான் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். எரிந்த தியேட்டர் என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது கொழும்பு கொம்பனித்தெரு றியோ. 1965 இல் தமிழர் ஒருவர் கட்டித் திறந்தது. எழுபது மில்லிமீற்றர்ப் படச்சுருள் ஓட்டக்கூடிய பெரிய திரை என்று அந்தக் காலத்தில் நாடெங்கும் பேச்சு. 1983 ஜூலையில் கும்பல் வந்து அதைக் கொளுத்தியது. பக்கத்தில் இருந்த ஹோட்டலும் எரிந்தது. அதன் பிறகு அந்த இடம் பழைய நிலைக்கு வரவேயில்லை. பிற்காலத்தில் அந்தக் கறுத்த சுவர்களுக்குள் ஓவியக் கண்காட்சிகள் நடந்தன. அதே ஜூலையில் வத்தளைப் பக்கம் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோவும் எரிந்தது. கே. குணரத்தினம் என்ற எங்கள் ஆள் கட்டியது. சிங்களப் படங்கள், தமிழ்ப் படங்கள் என்று எத்தனையோ படச்சுருள்கள் அங்கே சாம்பலாயின. தியேட்டர் எரிந்தால் கட்டலாம். படச்சுருள் எரிந்தால் அந்த முகங்களை எங்கே போய்த் தேடுவது?

பலேயின் சொந்தக்காரர்களை யாரும் துரத்தவில்லை. அவர்கள் அதே ஊரில், அதே காணியில் நின்றார்கள். கையில் காசு இருந்தது, வங்கி நம்பியது, ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். இரண்டு வருஷம் ஆகும் முன்பே, 1927 நவம்பர் 11 ஆம் திகதி, புதிய பலே திறந்தது. எரிந்தபின் கட்டுவதற்கு மனத்தைரியம் போதும் என்று எங்களுக்கு எத்தனையோ பேர் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். காணியும் காசும் காவலும் வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை.

புதிய கட்டடத்தைக் கிரிபின் தம்பதி கட்டவில்லை. நியூசிலாந்துக்காரரான ஹென்றி வைற் என்பவரிடம் வேலை கொடுத்தார்கள். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நிறைய தியேட்டர் கட்டியவர் அவர். நான் கடற்கரையில் நின்று பார்த்த இரண்டு கோபுரமும் அவருடையவை. மரியனின் தியேட்டர் தாளில் மட்டும் மிஞ்சியது. பிறகு வால்ரருக்கு இந்தியாவில் லக்னோவில் வேலை கிடைத்தது. மரியனும் அங்கே போனார். 1937 இல் வால்ரர் அங்கேயே இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். மரியன் தனித்துச் சிக்காகோவுக்குத் திரும்பி, ஆயிரம் பக்கங்களுக்கு மேல் தங்கள் வாழ்க்கையைத் தட்டெழுதி வைத்தார். அவர் உயிரோடு இருந்தவரை அதை யாரும் அச்சில் போடவில்லை. 1961 இல் இறந்தார். எழுதி வைத்தபடியால்தான் இன்றைக்குத் தண்டெனோங்கில் ஒரு குசினியில் இருந்து நாங்கள் இரண்டு பேர் அவரைப் பற்றிப் பேசினோம்.

மறுபடி தியேட்டருக்கு வருவோம்.

1927 இல் திறந்த பலேயில் 2,800 பேருக்கு மேல் இருக்கலாம். கீழே ஒரு தளம், மேலே பல்கனி. திறந்து இரண்டு வருஷத்தில் பேசும் படம் மெல்பேர்ணுக்கு வந்தது. தியேட்டர்களில் வாத்தியம் வாசித்தவர்களின் பிழைப்புப் போயிற்று. பொருளாதார மந்தம் வந்தது, இரண்டாவது போர் வந்தது. அந்தக் காலம் முழுவதும் சனம் படம் பார்த்தது. 1956 இல் மெல்பேர்ணில் ஒலிம்பிக் விளையாட்டு நடந்த அதே மாதத்தில் அங்கே தொலைக்காட்சி தொடங்கியது. அதன் பின் பேருந்துக் கூலி கொடுத்துப் படம் பார்க்க வருவோர் குறைந்தார்கள். சுற்றுவட்டாரத் தியேட்டர்கள் பல மூடப்பட்டன. சில கடைத் தொகுதிகளாயின, சில இடிபட்டன.

பலே தப்பியது அதன் பருமனால். மேடையைப் பெரிதாக்கி நடனக் குழுக்களையும் இசை நாடகக் குழுக்களையும் கூப்பிட்டார்கள். இசை நாடகம், பாட்டுக் கச்சேரி, வெளிநாட்டுப் பிரபலங்கள் என்று மாறி மாறி வந்தது. 1962 இலிருந்து ஏறக்குறைய இருபது வருஷம் மெல்பேர்ண் திரைப்பட விழா அங்கேதான் நடந்தது. 1984 இல் நகரத்தின் நடுவில் அரசாங்கமே புதிய கலை அரங்கு கட்டியதும் பெரிய நடனக் குழுக்கள் அங்கே போய்விட்டன. பலேக்கு மறுபடி கஷ்ட காலம்.

அந்தக் கடற்கரைக்கும் தீக்கும் ஏதோ ஒட்டு இருக்கிறது போல. பிலிப்ஸ் சகோதரர்களின் பழைய நடன மண்டபம் 1960களின் கடைசியில் எரிந்தது. கடலுக்குள் நீளும் பாலத்தின் முனையில் 1904 இல் கட்டிய தேநீர்ச்சாலை ஒன்று 2003 இல் எரிந்து போக, ஊரவர்கள் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்து அச்சு அசலாகத் திரும்பக் கட்ட வைத்தார்கள். நாங்கள் அதைத் தூரத்தில் நின்று பார்த்தோம். புதிது என்று சொன்னால் ஒழியத் தெரியாது.

பலேக்கு வந்த கடைசி ஆபத்துத் தீ அல்ல. தியேட்டர் நிற்பது அரச காணி, பொறுப்பு நகரசபைக்கு. 2007 அளவில் தியேட்டரைச் சுற்றியுள்ள முக்கோணக் காணியில் பெரிய கடைத் தொகுதி கட்ட ஒரு கம்பனிக்கு நகரசபை அனுமதி கொடுத்தது. கட்டுகிறவர்கள் தியேட்டரையும் திருத்தித் தருவார்கள் என்பது பேச்சு. ஊர்ச் சனம் ஒத்துக்கொள்ளவில்லை. கடலை மறைத்துக் கடை வேண்டாம் என்றார்கள். கூட்டம் போட்டார்கள், பெட்டிசம் எழுதினார்கள், வழக்கு வைத்தார்கள். கடைசியில் 2008 நகரசபைத் தேர்தலில் தங்கள் ஆட்களையே நிறுத்தினார்கள். பழைய உறுப்பினர்களில் பெரும்பாலானோர் தோற்றுப் போனார்கள். 2009 இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதன் பிறகும் கட்டடம் பழுதாகிக்கொண்டே போனது. மழைத்தண்ணீர், பழைய மின்கம்பி, தீயணைப்பு வசதியின்மை என்று மூட வேண்டிய நிலை வந்தபோது மாநில அரசும் நகரசபையுமாகச் சேர்ந்து இரண்டு கோடி டொலரளவில் போட்டுத் திருத்தி 2017 இல் மறுபடி திறந்தார்கள்.

இதைக் கேட்ட எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது. ஒரு தியேட்டருக்காக ஊரே கூடி நகரசபையை மாற்றியது. எங்கள் ஊரில் இருந்த படமாளிகைக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று என்னையே கேட்டேன். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது கூரை இல்லை, கதவில்லை, கதிரை ஒன்றும் இல்லை. உள்ளே ஆடாதோடையும் பூவரசும் வளர்ந்து நின்றன. வீட்டுக்கே கூரை இல்லாதபோது தியேட்டரைப் பற்றி யார் நினைத்தார்கள்? அந்த ஊர்ச் சனத்தையும் எங்களையும் ஒப்பிடுவது சரியில்லை. ஆனால் பெட்டிசம் என்ற இடத்தை மட்டும் பிள்ளையை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னேன்.

செயின்ற் கில்டாவில் நாங்கள் நின்ற அன்று பின்னேரம் அக்லண்ட் தெருவுக்கும் போனோம். தியேட்டரிலிருந்து இரண்டு நிமிஷ நடை. கண்ணாடிப் பெட்டிக்குள் கேக்குகளை மாலை மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். இந்தக் கேக்குக் கடைகள் ஐரோப்பாவிலிருந்து வந்த யூத அகதிகள் வைத்தவை. இரண்டாவது போரில் தப்பி வந்த மாஷா, அவ்ராம் செலெஸ்னிகோவ் என்ற கணவனும் மனைவியும் 1958 இல் அந்தத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை தொடங்கினார்கள். ஷெஹெராசாட் என்று பெயர். குடும்பத்தைப் பறிகொடுத்துத் தனி அறையில் வாழ்ந்த ஆண்கள் அங்கே வந்து கோழிச் சூப் குடித்துவிட்டுப் பழைய ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டு இருப்பார்களாம். 2008 வரை அந்தக் கடை அந்தத் தெருவில் இருந்தது. ஆர்னல்ட் செபிள் என்ற எழுத்தாளர் அந்தக் கடையை வைத்தே ஒரு நாவல் எழுதியிருக்கிறார். நாங்கள் ஆளுக்கு ஒரு கசுக்கொட்டைக் கேக்கும் கோப்பியும் வாங்கினோம். விலையை இலங்கைக் காசில் பெருக்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பின்னேரம் ஆனதும் சூரியன் கடலுக்குள் இறங்கியது. வீட்டுக்குப் போவோம் என்று நான் சொல்ல, பிள்ளை சிரித்துக்கொண்டு கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினாள். அன்று இரவு பலேயில் ஒரு ஆங்கிலப் பாட்டுக் கச்சேரி. கூட வேலை செய்கிறவள் ஒருத்தி போக முடியாமல் இரண்டு ரிக்கற்றை இவளிடம் கொடுத்திருக்கிறாள். கடல் பார்க்கக் கூட்டி வந்தது பொய், இதற்குத்தான் கூட்டி வந்தவள்.

எங்களுக்குப் பல்கனியில் இடம். நான் வாழ்க்கையில் பல்கனியில் இருந்ததில்லை. ஊரில் எப்போதும் இரண்டாம் வகுப்புத்தான். திருமணம் முடித்த புதிதில் ஒருமுறை அவர் பல்கனிக்கு எடுப்பம் என்று சொன்னார். ஏன் வீண் செலவு, அடுத்த முறை பாப்பம் என்று நான்தான் தடுத்தேன். அடுத்த முறை வரவில்லை.

படியில் ஏறி உள்ளே போனதும் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. சுவரெல்லாம் சாந்தில் பூவும் கொடியும். மஞ்சள் வெளிச்சத்தில் மங்கலான பொன்நிறம். கீழே பார்த்தால் தலைகள், தலைகள். திருவிழாவில் தேர்முட்டியில் ஏறி நின்று பார்ப்பது மாதிரி. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து இருட்டானபோது எனக்கு வழக்கம்போல நெஞ்சு ஒருதரம் இறுகியது. சனம் நிறைந்த இடத்தில் திடீரென்று இருட்டானால் இன்னும் எனக்கு அப்படித்தான். கதவு எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். பிள்ளை என் கையைப் பிடித்தாள். கேட்காமலே பிடித்தாள். அவளும் வன்னியில் பதுங்கு குழியில் இருந்து வந்த பிள்ளைதானே.

பாட்டு விளங்கவில்லை. சத்தம் சற்று அதிகம். எனக்குப் பக்கத்தில் என்னிலும் வயதான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருந்தார். இடைவேளையில் பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தார். சிறுமியாக இருந்தபோது தாயோடு இதே தியேட்டரில் படம் பார்த்தவராம். நானும் தியேட்டர்களைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன் என்று பிள்ளை சொன்னதும் என் பக்கம் திரும்பி, "உங்கள் ஊரில் தியேட்டர் இருக்கிறதா?" என்று கேட்டார். பிள்ளை மொழிபெயர்க்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது. இருந்தது என்று சொல்லச் சொன்னேன். என்ன நடந்தது என்று அவர் கேட்டார். பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீசில் சொன்னாள். விளக்குகள் அணைந்த பிறகும் மெல்லிய குரலில் இரண்டு நிமிஷம் சொன்னாள். முன்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண்மணி அவரைப் பார்த்து விரலைக் காட்ட அவர் பேசாமல் திரும்பிக்கொண்டார்.

வெளியே வரும்போது எனக்கு ஒரு ரிக்கற் துண்டு வேண்டும் என்றேன். பிள்ளைக்கு வெட்கமாகப் போய்விட்டது. இப்போதெல்லாம் ரிக்கற் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறதாம், தாளில் ஒன்றும் இல்லையாம். நான் விடவில்லை. கடைசியில் அவள் ரிக்கற் விற்கிற இடத்தில் நின்ற பெண்பிள்ளையிடம் போய் ஏதோ சொன்னாள். அந்தப் பெண்பிள்ளை என்னை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, அன்றைய கச்சேரியின் பெயரும் திகதியும் போட்ட ஒரு தாளை அச்சிட்டுக் கொடுத்தாள்.

அதை என் வங்கிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். பல்கனி, வரிசை எண், கதிரை எண் எல்லாம் அதில் இருக்கிறது. போன கிழமை வங்கியில் புத்தகத்தை நீட்டியபோது அது கீழே விழுந்தது. காசாளர் பிள்ளை எடுத்துத் தந்து, "அன்ரி, இது என்ன படம்?" என்று கேட்டாள்.

"படம் இல்லைப் பிள்ளை, பாட்டு. பலேயில பாத்தது" என்றேன். வரிசையில் எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மிச்சத்தை அவளுக்குச் சொல்ல நேரம் இருக்கவில்லை.